மாதக் கடைசி: மறைந்துவரும் ஒரு திணை குறித்த சிற்றாய்வு

ஆய்வின் தேவை

கோலத்தை ஆராய்ந்திருக்கிறோம். தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, வசைச்சொல் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றும் யாராவது ஒருவருக்கு முனைவர் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஆனால் சம்பளக்காரர் வீட்டுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை தவறாமல் வந்து, வந்தபோதெல்லாம் ஒரு வாரம் பத்து நாள் உட்கார்ந்து, பருப்பு டப்பாவின் அடியைச் சுரண்டிவிட்டுப் போன மாதக் கடைசியை மட்டும் அறிஞர் உலகம் திண்ணையோடு அனுப்பிவிட்டது. இந்தக் குறையைப் போக்குவது அவசரப் பணி. ஆய்வுப்பொருளே அழிந்துகொண்டு வருகிறது. முப்பது வயதுக்குள் இருக்கும் யாரிடமாவது ‘மாசக் கடைசிப்பா, கையில காசில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘கார்டு இல்லையா அங்கிள்?’ என்பார்.

இக்கட்டுரையின் கருதுகோள் இரண்டு. மாதக் கடைசியைக் கொன்றது கிரெடிட் கார்டு என்பது முதலாவது. உடலை எங்கே புதைத்திருக்கிறது என்று தோண்டிக் காட்ட முடியும் என்பது இரண்டாவது.

ஆய்வு எல்லை

சென்னையும் அதன் புறநகர்களும். மாதச் சம்பளம் வாங்குவோர் மட்டும். தினக்கூலிக்காரர் சேர்க்கப்படவில்லை, அவருக்கு அன்றாடம் சாயங்காலமே மாதக் கடைசி. வியாபாரிகளும் சேர்க்கப்படவில்லை. அவர்களிடம் எந்தத் தேதியில் கேட்டாலும் ‘மார்க்கெட் டல்லு சார்’ என்ற ஒரே விடைதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஆய்வும் நகராது.

முன்னோர் ஆய்வு

இத்துறையில் முன்னோடி வள்ளுவர். அவர் இப்பொருளை இல்லறவியலில் வைக்காமல் பொருட்பாலில், வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்தில் வைத்தது அறிஞர் கவனத்துக்குரியது. வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவர் வலி எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கு என்று அரசனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர், 478, 479 ஆகிய குறள்களில் திடீரென்று வீட்டுக் கணக்குக்கு வந்துவிடுகிறார். வரவு சிறுத்திருப்பதால் கெடுதல் இல்லை, செலவு பெருக்காமல் இருந்தால் போதும் என்கிறார்; அளவு தெரியாதவன் வாழ்வு இருப்பதுபோல் தோற்றம் காட்டிவிட்டு இல்லாமலே போகும் என்கிறார். ‘இருப்பதுபோல் தோன்றி இல்லாததாகிய’ அந்தப் பொருளை இன்று வங்கிகள் ‘அவைலபிள் கிரெடிட் லிமிட்’ என்று ஆப்பின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் காட்டுகின்றன. போருக்குப் போகும் அதிகாரத்தில் வரவு செலவு என்ன செய்கிறது என்ற ஐயம், மாற்றான் யார் என்று தெரிந்ததும் தீர்ந்துவிடுகிறது.

திணை இலக்கணம்

தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் கொடுத்தார். பாலைக்கு நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. மாதக் கடைசியும் அப்படித்தான். அதற்கென்று காலண்டரில் ஒரு கட்டம் கிடையாது. முதல் தேதியின் செழிப்பு காய்ந்தால் மாதக் கடைசி. சிலர் வீட்டில் 12ஆம் தேதியே காய்ந்துவிடும்.

பாலையின் உரிப்பொருள் பிரிதல். இங்கே பிரிவது பணம். அதை நினைத்து ஏங்கிக் கிடப்பது இருத்தல் ஆகாதோ, அது முல்லைக்கு உரியதாயிற்றே எனின், ஆகாது. முதல் தேதி வந்துவிடும் என்ற உறுதியோடு காத்திருந்தால் அது முல்லை. ‘இந்த மாசம் சம்பளம் கொஞ்சம் தள்ளிப் போகுமாம்’ என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கிளப்பிவிட்ட பிறகு காத்திருந்தால் பாலை.

கருப்பொருளில் உணவு முக்கியம். பாலை நில மக்களின் உணவு வழிப்பறி செய்த பொருள் என்பது இலக்கண மரபு. மனைவியின் கடுகு டப்பாவிலிருந்து கணவன் எடுக்கும் இருநூறு ரூபாயும், பிள்ளையின் உண்டியலை ஹேர்பின்னால் நெம்பி எடுக்கும் சில்லறையும் இவ்விலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துகின்றன. பறித்தவரும் பறிகொடுத்தவரும் ராத்திரி ஒரே வீட்டில் படுப்பது இத்திணையின் தனிச்சிறப்பு. மற்ற உணவுகள்: வத்தக்குழம்பு, எண்ணெய் மிச்சம் பிடிக்கச் சுட்ட அப்பளம், தேங்காய் போடாத பொட்டுக்கடலைச் சட்னி, நேற்றைய ரசத்தைச் சுடவைத்த இன்றைய ரசம். வத்தக்குழம்பை இப்போது ஏசி ஹாலில் ‘பாரம்பரிய மீல்ஸ்’ என்று விற்கிறார்கள். காய்கறிக்காரர் கடன் கொடுக்க மறுத்த ஒரு 26ஆம் தேதி காலையில்தான் அது பிறந்தது என்பது இவ்வாய்வாளரின் துணிபு; வேறு தேதியில் பிறந்ததென்று எவரும் நிறுவாதவரை இதுவே நிற்கும்.

காலக் கணிப்பு

ஒரு வீட்டில் மாதக் கடைசி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, மானம் தடுக்கும். தடயங்களைத்தான் பார்க்க வேண்டும். சிறந்த தடயம் குளியலறையில் கிடைக்கும் பற்பசைக் குழாய். முதல் கட்டத்தில் அதை இடுப்பில் அமுக்கிப் பிதுக்கியிருப்பார்கள், கவலையற்ற காலம். இரண்டாம் கட்டத்தில் வாலிலிருந்து பாய்போல் சுருட்டப்பட்டிருக்கும். மூன்றாவதில் சப்பாத்திக் கட்டை அதன்மேல் உருண்டு போயிருக்கும். நான்காம் கட்டத்தில் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, பிரஷை உள்ளேயே விட்டு வழித்திருப்பார்கள். வெட்டுப்பட்ட குழாய் கிடைத்த அடுக்கு 27ஆம் தேதிக்குப் பிந்தியது என்று தயங்காமல் சொல்லலாம். புதுச் சோப்பின் முதுகில் பழைய சோப்பின் சில்லு ஒட்டப்பட்டு, இரு நிறமாகத் தெரிந்தால், சம்பளம் வந்துவிட்டது, ஆனால் பயம் இன்னும் போகவில்லை என்று பொருள்.

தேதிகள் வீட்டுக்கு வீடு மாறியதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஏழாம் தேதிக்குள்ளும், அதற்கு மேற்பட்ட இடத்தில் பத்தாம் தேதிக்குள்ளும் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வகுத்தது. ஆகவே ஒரே தெருவில் அரசு ஊழியர் வீட்டில் மாதத்தின் கடைசி வேலைநாளிலேயே முதல் தேதி பிறந்துவிடும். எதிர்வீட்டு ஆலைத் தொழிலாளி வீட்டில் போன மாதத்தின் கடைசி இந்த மாதம் ஏழு வரை இழுத்துக்கொண்டு கிடக்கும். ஒரு டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் காபித்தூள் இரண்டும் தெருவைக் குறுக்கே கடந்ததற்கு இந்த ஒரு வாரக் கால இடைவெளியே அடிப்படை. அயலார் அன்பு என்று நாம் போற்றிவந்ததில் கணிசமான பகுதி தொழிலாளர் சட்டத்தின் விளைவு.

பழைய தடுப்புகள்

மாதக் கடைசியில் கடன் இல்லாமலா இருந்தது? இருந்தது. நிறையவே இருந்தது. ஆனால் அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. இதை விளங்கிக்கொள்ள மளிகைக் கடை அக்கவுண்ட் நோட்டைப் பார்க்க வேண்டும்.

அது குறுகலாய், நீளமாய், அட்டை எண்ணெய் குடித்துப் பளபளத்து, மூலையில் ஓட்டை போட்டுச் சணலில் தொங்கும். வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஆள் பெயர் இருக்காது. ‘மாடி வீடு’, ‘டீச்சர்’, ‘போஸ்ட்மேன் சம்சாரம்’ என்று இருக்கும். துவரம்பருப்பு ‘து.ப.’ ஆகவும், மண்ணெண்ணெய் ஒரு கிறுக்கலாகவும் சுருங்கியிருக்கும். இந்தக் கடனுக்கு வருமானச் சான்று வேண்டாம், ஜாமீன் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பையனை அனுப்பி அரைக் கிலோ பருப்பு என்றால் மடித்துக் கொடுப்பார். அதே பையன் கூடவே ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ் என்றால் அண்ணாச்சி ஏணியில் ஏற மாட்டார். ‘அம்மாட்ட சொல்லு, போன மாசத்துது நூத்திச் சொச்சம் நிக்கு’ என்பார். கடையில் நிற்கும் நாலு பேர் காதிலும் விழும்படி சொல்வார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று பாருங்கள். நிலுவை அறிவிக்கப்பட்டது, கடன் வரம்பு நிர்ணயிக்கப்பட்டது, தேவை, ஆடம்பரம் என்று சரக்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டது, பருப்புக்கு அனுமதி, ஹார்லிக்ஸுக்கு மறுப்பு என்று தீர்ப்பும் ஆயிற்று. இத்தனையும் பொட்டலம் கட்டும் நேரத்துக்குள். அண்ணாச்சியை நான் தெய்வமாக்கவில்லை. கணக்குக்காரருக்குப் பழைய பருப்பும் ரொக்கக்காரருக்குப் புதுப் பருப்பும் போகும் என்ற புகார் அன்றைக்கே உண்டு, தராசைப் பற்றியும் பேச்சு உண்டு. ஆனால் வாங்குகிறவர் வீட்டில் எத்தனை பேருக்குச் சம்பளம் வருகிறது என்று தெரிந்துகொண்டு கடன் கொடுத்த கடைசி நிதி நிறுவனம் அவர்தான்.

கைமாத்து இன்னும் கடினம். கேட்க வந்தவர் முதலில் பிள்ளைகள் படிப்பை விசாரிக்க வேண்டும். வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காபி குடிக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்படி இறங்கி, அப்புறம்தான் ‘ஒண்ணுமில்லை மாமா, ஒரு ஐந்நூறு இருந்தா…’ என்று இழுக்க வேண்டும். இந்தக் கஷ்டத்துக்குப் பயந்தே பல செலவுகள் நடக்காமல் போயின. அடகு வைப்பதும் அப்படியே. மார்வாடிக் கடைப் படியில் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஏற வேண்டும்.

அட்டையின் வரலாறு

முகம் பார்க்கும் இந்தக் கஷ்டத்தை ஒழித்தது அமெரிக்கா. நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்னமாரா என்பவர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தாராம், பணப்பையைக் காணோமாம். அந்த வெட்கத்தில் பிறந்தது 1950இல் டைனர்ஸ் கிளப் அட்டை. கதையில் விளம்பரக்காரர் கைவண்ணம் உண்டு என்பாரும் உளர். எந்தத் தலத்துக்குத்தான் தலபுராணம் இல்லை? கவனிக்க வேண்டியது ஒன்று: இதே நிலைமை நம்மூர் மெஸ்ஸில் ஏற்பட்டிருந்தால் ‘நாளைக்குக் குடுங்க சார்’ என்று கல்லாவில் இருப்பவர் சொல்லியிருப்பார், உலகப் பொருளாதாரம் தப்பித்திருக்கும்.

பிறகு 1958 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில், பாங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 அட்டைகளை, யாரும் கேட்காமலேயே, தபாலில் போட்டது. நூற்றுக்கு நாலு பேர் தவணை தவறுவார்கள் என்பது வங்கியின் எதிர்பார்ப்பு. தவறியவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மனித இயல்பைப் பற்றி வங்கிகள் அன்றைக்கே தெரிந்துகொண்டன. ஆனால் திட்டத்தைக் கைவிடவில்லை; அந்த அட்டைதான் பின்னாளில் விசா என்று பெயர் மாறி இன்று உங்கள் பர்ஸில் இருக்கிறது. இந்தியாவில் வங்கி ஒன்று கிரெடிட் கார்டு கொடுக்கத் தொடங்கியது 1980இல், சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா. கேட்காதவருக்கு அட்டை அனுப்பக் கூடாது என்றும், சம்மதம் கேட்காமல் லிமிட்டை ஏற்றக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு விதிகளில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. ஆகவே இப்போது கேட்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துக் கேட்கிறார்கள்.

நான்காவது மாதம்

தமிழருக்கு மாதங்களுக்குப் பஞ்சம் இல்லை. சித்திரை வைகாசி ஒன்று, ஜனவரி பிப்ரவரி ஒன்று, பிறை பார்த்துப் பிறப்பது ஒன்று. எந்தப் பஞ்சாங்கத்திலும் இடம்பெறாத நான்காவது மாதம் ‘பில்லிங் சைக்கிள்’. அது ஒரு மாதம் 18ஆம் தேதி பிறந்து அடுத்த மாதம் 17ஆம் தேதி முடியும். அதற்குப் பிறகு இருபது நாள் அளவில் கெடு. ஜனவரி 18ஆம் தேதி எடுத்த பட்டுப்புடவைக்கு மார்ச் 9 வாக்கில் பணம் கட்டினால் போதும். நடுவில் ஐம்பது நாள், வட்டி இல்லை. இதைச் சொல்லும்போது கார்டு விற்கும் தம்பியின் முகத்தில் உண்மையான கருணை தெரியும். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை.

என்ன நடக்கிறது என்றால், ஜனவரி 28ஆம் தேதி அந்த வீட்டில் மாதக் கடைசி வருவதில்லை. கையில் காசு தீர்ந்துவிட்டது, ஆனால் தீர்ந்தது தெரியவில்லை. பற்பசைக் குழாயை யாரும் வெட்டவில்லை. ஆப்பில் புதுக் குழாய் ஆர்டர் ஆகிவிட்டது. பிப்ரவரியிலும் அப்படியே. மார்ச் மாதம் சம்பளம் வருகிறது. 9ஆம் தேதி பில் அதை வாரிக்கொண்டு போகிறது. 10ஆம் தேதி காலையில் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் நிற்கிறது. ஆய்வின் முதல் பெருங்கண்டுபிடிப்பு இது: மாதக் கடைசி சாகவில்லை, 10ஆம் தேதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. முன்பு ஏழெட்டு நாள் இருந்தது இப்போது இருபது நாள் இருக்கிறது. அந்த இருபது நாளையும் மறுபடி கார்டை வைத்தே ஓட்ட வேண்டும்.

வட்டியின் அலகு

தமிழர் வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்வதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. ஒரு வட்டி நியாயம். ரெண்டு வட்டி சகஜம். மூணு வட்டி என்றால் வாங்குகிறவர் நிலைமை சரியில்லை என்று பொருள். அஞ்சு வட்டி என்றால் அண்ணன் தம்பிகள் கூடிப் பேசுவார்கள். பத்து வட்டி என்றால் காவல் நிலையம். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கவே 2003இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. இப்படி மாத வட்டியை நாக்கிலேயே நிறுத்துப் பார்க்கிற ஒரு சமூகம், கிரெடிட் கார்டை மட்டும் நிறுக்காமல் விட்டது எப்படி?

நிறுத்துப் பார்ப்போம். பல வங்கிகளின் கட்டணப் பட்டியலில் மாதத்துக்கு மூன்றரை சதவீதம், மூன்றே முக்கால் சதவீதம் என்று இருக்கிறது. நம் அளவில் மூணரை வட்டி, மூணே முக்கால் வட்டி. இதோடு முடியவில்லை. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூன்றரைக்கு அதைச் சேர்த்தால் 4.13 ஆகிறது, நாலு வட்டியைத் தாண்டிவிட்டோம். ஏடிஎம்மில் கார்டைச் செருகிப் பணமாக எடுத்தால் அந்த ஐம்பது நாள் சலுகையும் கிடையாது. எடுத்த அன்றிலிருந்து வட்டி, எடுத்ததற்குத் தனிக் கட்டணம். மூணு வட்டிக்குக் கொடுப்பவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட மாமி, அதைவிடக் கூடுதலான வட்டிக்கு ஏர்ஃபிரையர் வாங்கி அதில் வாழைக்காய் வறுவல் போட்டுக் கொடுக்கிறார். ‘வட்டியா? இதுக்கு வட்டியெல்லாம் கிடையாதுப்பா, நோ காஸ்ட் இஎம்ஐ’ என்கிறார். பூச்சிய சதவீத வட்டி என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்று 2013இல் ரிசர்வ் வங்கி எழுதி அனுப்பிய சுற்றறிக்கை மாமிக்குப் போய்ச் சேரவில்லை. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி, பிராசஸிங் ஃபீஸ், அதன்மேல் வரி என்று வட்டி வேறு வேறு வேஷத்தில் உள்ளே வந்திருக்கும்.

ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20ஆம் தேதி ரத்து செய்தது. ஆகவே சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது.

குறைந்தபட்சத் தொகை

இனி உடலைத் தோண்டும் இடத்துக்கு வருகிறோம்.

பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று முழு பாக்கி. அதன் பக்கத்தில், அழகாக, சின்னதாக, ‘மினிமம் அமவுண்ட் டியூ’. முன்னது ஐம்பதாயிரம் என்றால் பின்னது இரண்டாயிரத்துச் சொச்சம். மாதம் 10ஆம் தேதி அளவில் மேற்படி பாலையில் நிற்கும் மனிதர் இந்த இரண்டையும் பார்க்கிறார். எதைக் கட்டுவார் என்று அறிய ஆய்வு வேண்டாம்.

ஐம்பதாயிரம் ரூபாய் பாக்கி. மாதம் மூணரை வட்டி, வட்டிமேல் ஜிஎஸ்டி, பில் தொகையில் 5 சதவீதம் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 1,750, ஜிஎஸ்டி 315, ஆக, பில் 52,065. அதில் 5 சதவீதம் 2,603 ரூபாய். அவர் அதை ஒழுங்காகக் கட்டுகிறார். பாக்கி 49,462. அதாவது கட்டிய 2,603இல் கடனைக் குறைத்தது 538 ரூபாய் மட்டும். மற்றதெல்லாம் வட்டிக்கும் வரிக்கும். அவர் அதற்குப் பிறகு கார்டால் ஒரு குண்டூசிகூட வாங்காமல், மாதா மாதம் குறைந்தபட்சத்தை நாள் தவறாமல் கட்டிவந்தால், ஐந்து ஆண்டு நாலு மாதம் கழித்து எவ்வளவு பாக்கி இருக்கும்? ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம். அதற்குள் அவர் கட்டியிருப்பது ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம். பாதிக் கடன் தீர்ந்திருக்கிறது.

கார்டைத் தொடாமல் இருந்தால் என்று சொன்னோமே, அது கணக்குக்காகச் சொன்னது. உண்மையில் தொடுவார். முழு பாக்கியைக் கட்டாதவருக்குப் புதுச் செலவின்மீது அந்த ஐம்பது நாள் சலுகை கிடையாது; வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். தீபாவளிக்கு எடுத்த சட்டை கிழிந்து தரை துடைக்கப் போன பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள். சுத்தமாக இருக்கிறார்கள், வாசனைத் திரவியம் பூசியிருக்கிறார்கள், மாதக் கடைசிக்கான எந்த அறிகுறியும் வெளியே தெரியாது. புதைத்த இடம் இதுதான். மாதத்துக்கு ஒரு வாரமாக இருந்த மாதக் கடைசியை மெல்லிசாகத் தேய்த்து, ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று வாழ்நாள் முழுவதும் பரப்பி, அதன்மேல் ‘குறைந்தபட்சம்’ என்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள்.

குறைந்தபட்சத்தைக் கட்டியும் கடன் ஏறிக்கொண்டே போகும்படி அந்தத் தொகையை வைக்கக் கூடாது என்று 2022 விதிகளில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. குறைந்தபட்சம் மட்டுமே கட்டிவந்தால் தீர மாதங்கள், ஆண்டுகள் ஆகும், வட்டி குட்டி போடும் என்ற எச்சரிக்கையைப் பில்லிலேயே அச்சிடவும் சொல்லியிருக்கிறது. அச்சிடுகிறார்கள். அதைப் படிக்கும் அளவு கண் பார்வை உள்ளவர்களுக்கு இன்னும் கார்டு வாங்கும் வயது வரவில்லை.

களக் குறிப்புகள் சில

ஆபீஸ் கோஷ்டி பிரியாணி சாப்பிட்டு முடிந்ததும் பில்லைப் பாய்ந்து பிடிப்பவரைப் பெருந்தன்மைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கார்டைத் தேய்ப்பார், எட்டுப் பேரிடமும் ஜிபேயில் பங்கை வாங்குவார், பாயிண்ட் தனக்கு என்பார். கையில் வந்த அந்த ரொக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் செலவழித்துவிட்டு, பில் வரும்போது ‘நான் எப்ப இவ்வளவு சாப்பிட்டேன்?’ என்பார். நூறு ரூபாய்க்குக் கால் ரூபாய் பெறுமானமுள்ள பாயிண்டுக்காக நாலு ரூபாய் வட்டி கொடுக்கும் இந்த வணிகத்தைச் செட்டிநாட்டார் யாரும் செய்ததில்லை.

இன்னொன்று, தேநீர்க் கடையில் கண்டது. பாய்லருக்குப் பின்னால் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பழைய பலகை, புகை ஏறி, எழுத்து மங்கி. அதற்கு நேர் கீழே க்யூஆர் அட்டை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்க 2022இல் வழி திறந்துவிட்டார்கள். வாடிக்கையாளர் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு டீ, ஒரு வடைக்குக் கிரெடிட் கார்டில் ஸ்கேன் செய்தார். மாஸ்டருக்குப் பணம் உடனே வந்துவிட்டது. பெட்டி ‘ரிசீவ்டு’ என்று கூவியது. அன்பு முறியவில்லை. மாஸ்டருக்குத் தெரியாமல், அவர் கடையிலேயே, யாரோ ஒரு மூன்றாம் ஆள் கடன் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுப்பும் விடையும்

அட்டையால் நன்மையே இல்லையா எனின், உண்டு. முழு பாக்கியையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு அது வட்டியில்லாக் கடன். ரயில் டிக்கெட்டுக்கும் ஆஸ்பத்திரி முன்பணத்துக்கும் ஆபத்துக்கு உதவும். இந்த மனிதரைப் பற்றிக் கட்டுரையில் எங்கும் குறை சொல்லவில்லை. இவரால் வட்டி வருமானம் இல்லையே என்று குறைப்படுவது வங்கியின் வேலை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார் எனின், அவருக்கு இலக்கணம் சொல்லிப் பயனில்லை, வழிதான் சொல்ல வேண்டும். கார்டை பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் ஒரு வட்டிக்கும் குறைவாகவே கிடைக்கிறது. வளையல் இரண்டை அங்கே வைத்து, நாலு வட்டிக் கடனை மொத்தமாக அடைப்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. கணக்கை முடித்துக் கொடு என்று எழுதிக் கேட்டால், பாக்கி எல்லாம் தீர்ந்திருக்கும் பட்சத்தில், ஏழு வேலை நாளுக்குள் முடித்தாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் 2022 விதிதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மீட்டர் நம் பக்கம் ஓடுகிறது.

பரிந்துரைகள்

ரிசர்வ் வங்கிக்கு ஒன்று. தமிழ்நாட்டுக்கு வரும் பில்களில் ஆண்டுச் சதவீதம், புள்ளிக்குப் பின் இரண்டு தானம் எல்லாம் வேண்டாம். முழு பாக்கிக்கு நேரே ‘வட்டி இல்லை’ என்றும், குறைந்தபட்சத்துக்கு நேரே ‘நாலு வட்டி’ என்றும் கொட்டை எழுத்தில் போட்டால் போதும். பாதிப் பேர் அன்றைக்கே நகைப்பெட்டியைத் திறப்பார்கள்.

வாசகருக்கு ஒன்று. பில் தொகை தானாக வங்கிக் கணக்கிலிருந்து போகும்படி ஆட்டோ டெபிட் வைத்திருப்பீர்கள். அந்தப் படிவத்தில் ‘டோட்டல்’, ‘மினிமம்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்திருக்கும். கையெழுத்து வாங்க வந்த தம்பியே அவசரத்தில் ஏதோ ஒன்றில் டிக் போட்டிருப்பார். எதில் போட்டிருக்கிறார் என்று இன்று ராத்திரியே ஆப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள். ‘மினிமம்’ என்று இருந்தால் மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.